சபையின் ஆமென் – கடிதமும் பதிலும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை அச்சிட்ட முறைப்படி நடக்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் புத்தகம் கிடையாது; அங்கேதான் கூட்டம் அதிகம். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற ஜெபத்தில் ஜீவன் இல்லை என்று வாலிபர்கள் சொல்கிறார்கள். சுயமாய்ச் செய்கிற ஜெபம் இருபது நிமிஷம் இழுக்கிறது, எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி?

பிரசங்கத்துக்குப் பின் சபையாகப் பிறருக்காக ஜெபிக்கும் மன்றாட்டை மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் நடத்துகிறேன். எதுவும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் ஆவியானவர் வார்த்தை தருவார் என்ற விசுவாசத்தில் எழுந்து நிற்பேன். அது சரிதானே? செல்போனில் குறிப்பு வைத்துக்கொண்டு ஜெபிப்பதையும் சிலர் குறை சொல்கிறார்கள்.

இன்னொன்று. போன வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோயின் பெயர், எந்த உறுப்பில் என்பது வரைக்கும் மைக்கில் சொல்லி ஜெபித்தார்கள். அன்போடுதான் செய்தார்கள். அதற்குப் பிறகு அம்மா கோயிலுக்கு வருவதில்லை. வீட்டில் ஜெபித்துக்கொள்கிறேன், போதும் என்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? அவர்களைப் பற்றிக் கடைசியில் ஐந்தாறு வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வைத்தது அந்த வரிகள்தான். சபையில் நடக்கும் மன்றாட்டைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே குறிப்பெடுத்து வருகிறேன். அந்தக் குறிப்புகளில் பாதி, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது போன்ற காரியங்களைப் பற்றியவை.

புத்தகமா சுய ஜெபமா என்பதை முதலில் முடித்துவிடலாம். அது உங்கள் திருச்சபை பிறந்தபோதே தீர்ந்துபோன வழக்கு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்று சேர்ந்தவர்களில் ஆங்கிலிக்கர்கள் கையில் ஜெபப் புத்தகம் இருந்தது. பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் பெரும்பாலும் சுய ஜெபத்தில் பழகியவர்கள். ஒருவர் வழக்கத்தை இன்னொருவர்மேல் திணிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் 1645-ல் ஜெபப் புத்தகத்தையே விலக்கிவிட்ட, ஆராதனையில் சடங்குகளைக் குறைக்க நினைத்த பியூரிட்டன்களும் அந்தந்த நேரத்து வாய்க்கு எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. எதற்கெல்லாம் ஜெபிக்க வேண்டும், எதற்குப் பின் எது என்று விரிவான வழிகாட்டி எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு. மூன்று மாதம் தவறாமல் போகிறவருக்கு யார் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பார், எந்த வசனத்தில் குரல் உயரும், எப்படி முடிப்பார் என்பது மனப்பாடமாகிவிடும். அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கே கூட்டம் ஏன் அதிகம் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. மகனுக்கு வேலை, வீட்டுக்காரருக்குக் குடி, கட்ட முடியாத கடன் என்று தன் கஷ்டத்தோடு ஒருவர் வருகிறார். அந்தக் கஷ்டம் அங்கே ஜெபத்தில் வருகிறது. சந்தோஷமாகப் போங்கள், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஜெபம் முடியும்போது, சொன்னது இன்னதென்று விளங்கி, அது தன் ஜெபமும்தான் என்று மனம் ஒப்பி, சபை ஆமென் சொல்ல முடிகிறதா? கொரிந்து சபையாருக்குப் பவுல் கேட்ட கேள்வி இது (1 கொரி. 14:16). நீ ஆவியோடு ஸ்தோத்திரம் பண்ணுகிறாய், சரி. நீ பேசுவது என்னவென்று அறியாத கல்லாதவன் அதற்கு எப்படி ஆமென் சொல்லுவான்? ஜெபிக்கிறவரின் உருக்கத்தைப் பவுல் அங்கே அளக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் கடைசி ஆளை வைத்து அளக்கிறார்.

ஏறக்குறைய கி.பி. 155-ல் ரோமாபுரியில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், கிறிஸ்தவர்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதி விளக்கினார். வேதம் வாசிக்கப்படுகிறது, நடத்துபவர் புத்தி சொல்கிறார், பிறகு எல்லோரும் எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள். அப்பமும் ரசமும் வந்தபின் நடத்துபவர் தம்மால் இயன்ற அளவு ஜெபமும் ஸ்தோத்திரமும் ஏறெடுக்கிறார். ஜனங்கள் ஆமென் என்று ஒப்புதல் கொடுக்கிறார்கள். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர் ஆகியோருக்குப் போகிறது. ஜெபத்தையும் காணிக்கையையும் அவர் தனித்தனியே பிரிக்கவில்லை. நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஜெபித்துப் பிடி அரிசி எடுத்து வைத்ததும் இந்த வழியில் வந்ததுதான். பிற்காலத்தில் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், ரோமாபுரிக் கோயில்களில் ஆமென் வானத்து இடிபோல் முழங்குவதாக எழுதினார். 565-ல் பேரரசர் யுஸ்தினியன் சட்டமே போட்டார்: ஆயர்களும் குருமாரும் ஜெபத்தை முணுமுணுக்கக் கூடாது, ஜனங்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியதும் கொரிந்தியரின் அதே வசனம்தான்.

அந்தச் சட்டம் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. மேற்கே பலநூறு வருஷம், அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணை ஜெபத்தின் பெரும் பகுதியைக் குருவானவர் மெல்லிய குரலில் தமக்குள் சொன்னார். விசுவாசிகளின் மன்றாட்டு பெரிய வெள்ளி வழிபாட்டில் மட்டும் முழுசாகத் தங்கியது. 1963 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைத் திருப்பலிக்குத் திரும்பக் கொண்டுவந்தது. உங்கள் சி.எஸ்.ஐ. 1950-லேயே நற்கருணை ஆராதனை முறையில் ஜனங்கள் வாய்திறந்து சொல்லும் பதில்களுக்கு நிறைய இடம் வைத்துவிட்டது. இத்தனை பாடுபட்டு மீட்டது உங்கள் கையில் மாதம் ஒரு ஞாயிறு வருகிறது. நீங்கள் வெறுங்கையோடு எழுந்து நிற்கிறீர்கள்.

இங்கே கொஞ்சம் கடிந்துதான் பேச வேண்டியிருக்கிறது. ஆவியானவர் அந்நேரத்தில் வார்த்தை தருவார் என்கிறீர்களே, அந்த வாக்குத்தத்தம் எங்கே இருக்கிறது என்று மத்தேயு 10-ஐத் திறந்து பாருங்கள். அதிபதிகளுக்கும் ராஜாக்களுக்கும் முன்பாக விசாரணைக்கு இழுத்துக்கொண்டு போகப்படுகிறவர்களுக்குச் சொன்னது அது. உங்களுக்கு ஒரு மாதம் முன்பே தேதி கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கொயர் ஒரு கீர்த்தனைக்கு எத்தனை மாலை கூடிப் பயிற்சி எடுக்கிறது? சனிக்கிழமை உங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதும்போது ஆவியானவர் உதவ மாட்டாரா? ஆயத்தமில்லாமல் நின்றால் உங்களுக்கு என்ன பழக்கமோ அதுதான் வாயில் வரும். நாலு வார்த்தைக்கு ஒரு ‘ஆண்டவரே’, மூச்சு வாங்க ஒரு ‘ஸ்தோத்திரம்’, போன மாதம் சொன்ன அதே வரிகள். அதற்கு ஆவியானவர் பேரைச் சூட்டாதீர்கள்.

சரி, எப்படி எழுதுவது?

மொத்தம் ஐந்து விண்ணப்பங்கள் போதும்: உலகத் திருச்சபை, நாடும் ஆளுகிறவர்களும், துன்பப்படுகிற உலகம், உங்கள் ஊர், உங்கள் சபை. கத்தோலிக்கர் வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் அவர்களும் வெளியே இருந்து உள்ளேதான் வருகிறார்கள். 1 தீமோத்தேயு 2-ல் எல்லா மனுஷருக்காகவும் ராஜாக்களுக்காகவும் ஜெபியுங்கள் என்று எழுதப்பட்டபோது அரியணையில் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. நம் சபைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கோபுர வேலை, அசன விழா, சேகர கமிட்டி, கன்வென்ஷன் என்று கால் மணி நேரம் போனபின் ‘உலகமெங்கும் உள்ள ஜனங்களையும் ஆசீர்வதியும்’ என்று ஒரு வரி வரும்.

ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாக்கியம். வாக்கியத்துக்கு எட்டு, பத்து வார்த்தை. தமிழில் வினை கடைசியில் வருவதால் இது மிகவும் அவசியம். இப்படி ஒரு ஜெபத்தை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்:

‘கடந்த வாரத்தில் பெய்த கனமழையினாலே பாதிக்கப்பட்டு, வீடுகளை இழந்து, பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டு, ஆகாரத்துக்கும் வஸ்திரத்துக்கும் தவித்து, உதவியை எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிற எங்கள் சகோதர சகோதரிகளுடைய குடும்பங்களையும், அவர்களுக்கு உதவி செய்யும்படியாகப் புறப்பட்டுப் போயிருக்கிற...’

கேட்கிறவர் இத்தனையையும் சுமந்துகொண்டு வினைக்காகக் காத்திருக்கிறார். அது வருவதற்குள் நடத்துகிறவருக்கே எங்கே தொடங்கினோம் என்பது மறந்து, ‘ஆசீர்வதியும்’ என்று முடிக்கிறார். வீடு இழந்தவருக்கு என்ன கேட்டோம்? ஒன்றும் கேட்கவில்லை. அதையே இப்படிச் சொல்லலாம்:

‘மழையில் வீடு இழந்தவர்களுக்காக ஜெபிக்கிறோம். பள்ளிக்கூடங்களில் தங்கியிருக்கும் குடும்பங்களை நினைத்தருளும். அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்குப் பெலன் தாரும்.’

இதற்குப் பின் மௌனம். பதினைந்து வினாடி விடுங்கள். கடிகாரம் வேண்டாம், பரமண்டல ஜெபத்தை நிதானமாக மனதுக்குள் சொல்லி ‘ஆகாரம்’ வரைக்கும் வந்தால் கணக்குச் சரியாக இருக்கும். பழக்கமில்லாத சபை முதல் தடவை இருமும், செருமும். கீபோர்டு வாசிப்பவர் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து ஏதாவது வாசிக்க ஆரம்பிப்பார். முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். மௌனத்துக்குப் பின் அழைப்பு வரி: ‘கர்த்தாவே, உம்முடைய இரக்கத்தினாலே’. சபை: ‘எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்.’ ஐந்து தடவையும் இந்த அழைப்பில் ஒரு எழுத்து மாறக் கூடாது. அழகுக்காக மாற்றினீர்களானால் பாதிப் பேர் தொடங்குவார்கள், பாதிப் பேர் காத்திருப்பார்கள், அடுத்த தடவை எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பதிலை நீங்களே மைக்கில் சொல்லாதீர்கள். உங்கள் குரல் பெருகிச் சபையின் குரலை அமுக்கிவிடும். அழைப்பைச் சொன்னதும் மைக்கை விட்டு ஒரு முழம் பின்னால் நகருங்கள். எதிரொலி வைத்திருந்தால் இந்த ஐந்து நிமிஷத்துக்காவது அதை அணைக்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷத்துக்கு மேல் போகாது.

முடிவு ஜெபத்துக்கு ஐந்து கணு உண்டு. அழைப்பு, அவர் யார் என்பது, வேண்டுதல், எதற்காக, யார் மூலமாக. இப்படி:

‘பிதாவாகிய கடவுளே, வனாந்தரத்தில் ஆகாருடைய பிள்ளையின் சத்தத்தைக் கேட்டவரே, வியாதியாயிருக்கிற எங்கள் பிள்ளைகளைத் தொட்டருளும்; அவர்கள் எழுந்து எங்கள் நடுவே உம்மைத் துதிக்கட்டும். எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய்க் கேட்கிறோம்.’

இந்த ஐந்தையும் மனதில் போட்டுக்கொண்டால் எழுதாமலும் ஜெபிக்கலாம், இருபது நிமிஷம் இழுக்காது. ‘மூலமாய்க் கேட்கிறோம்’ என்றதும் நிறுத்திவிடுங்கள். ‘ஆம் அப்பா, நன்றி அப்பா, மேலும் ஆண்டவரே’ என்று திரும்பத் தொடங்கினால், ஆமென் சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் விட்டுவிடுவார். இரண்டு தடவை அப்படி ஏமாந்தவர் மூன்றாம் தடவை கொயர் சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவார். நம் கோயில்களில் ஆமென் கொயரிடம் ஒப்படைக்கப்பட்டது இப்படித்தான்.

விளங்காத ஆமெனைவிட மோசமானது, சொல்ல முடியாத ஆமென். ‘ஆண்டவரே, தாமதமாய் வருகிறவர்களுடைய இருதயத்தைத் தொடும்’ என்று ஒருவர் ஜெபிக்கிறார். அது ஜெபமா? பின் பெஞ்சில் இருப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு விட்ட அடி. திருமண்டலத்தை நிர்வகிக்கும் டயோசிசன் கவுன்சில் தேர்தல் சமயத்தில் ‘உமக்குச் சித்தமில்லாதவர்கள் பதவிக்கு வராதபடி’ என்று ஜெபிக்கிறார்கள். யாரைச் சொல்கிறார் என்று கோயிலில் எல்லோருக்கும் தெரியும். பாதிச் சபை உரக்க ஆமென் சொல்லும், பாதிச் சபை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும், பிறகு எல்லோரும் எழுந்து கைகோத்துச் சமாதானம் கொடுத்துத் திருவிருந்துக்குப் போக வேண்டும். மன்றாட்டில் கட்சி கட்டுகிறவரிடமிருந்து அந்தப் பொறுப்பை ஆயர் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அறிவிப்பும் அப்படித்தான். ‘வருகிற 14-ம் தேதி மாலை 6 மணிக்கு நடக்கவிருக்கிற கூட்டத்தை’ என்று கடவுளுக்குத் தேதி சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அறிவிப்பு நேரம் இருக்கிறது.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். அந்த ஞாயிறு சபை ஆமென் சொன்னது. அம்மாவால் சொல்ல முடிந்ததா? யாருக்காக ஜெபித்தார்களோ அவர் ஒருவர்தான் அந்த ஜெபத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருந்தார். தன் உடம்பைப் பற்றித் தன் வாயால் யாரிடம் சொல்லலாம் என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்ததை முந்நூறு பேருக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். ‘அன்போடுதான் செய்தார்கள்’ என்று நீங்கள் ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்? அன்போடு செய்திருக்கலாம். கேட்காமல் செய்தார்கள். நமக்கு இன்னது தேவை என்று நாம் கேட்கும் முன்பே பிதா அறிந்திருக்கிறார் என்பது மலைப் பிரசங்கம். உறுப்பின் பெயர் அவருக்கு எதற்கு?

யாக்கோபு 5:14-ஐ எண்ணெய் பூசுவதற்காக எல்லோரும் வாசிக்கிறார்கள். அதன் முதல் பாதியைப் பாருங்கள். வியாதிப்பட்டவர் மூப்பர்களை வரவழைக்கிறார், அவர்கள் வருகிறார்கள். கூப்பிடுகிற உரிமை நோயாளியிடம் இருக்கிறது.

ஆகவே பெயர்களுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். சேகர கமிட்டியில் எழுதிக் கொடுத்து நிறைவேற்றுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் பெயர் பட்டியலில் ஏறக் கூடாது. மகள் கேட்டாள், மருமகன் கேட்டார் என்பது போதாது. சுயநினைவில்லாதவர், சின்னப் பிள்ளை என்றால் மட்டும் வீட்டார் சொல்லலாம். மைக்கில் பெயர் மட்டும் வரட்டும். நோய், ஆஸ்பத்திரி, வார்டு எதுவும் வேண்டாம். ‘குழந்தை பாக்கியம் இல்லாத’, ‘திருமணத் தடை உள்ள’ என்று அடைமொழி போட்டுப் பெண்களின் பெயரை வாசிக்கும் கொடுமை இன்றோடு நிற்கட்டும். ஜெபக்குறிப்புச் சீட்டில் ‘சபையில் வாசிக்கலாம்’, ‘ஆயருக்கு மட்டும்’ என்று இரண்டு கட்டம் அச்சடியுங்கள். எண்பது பெயரை ஓட்டமாக வாசித்தால் யாரும் யாருக்காகவும் ஜெபிக்கவில்லை. பத்துப் பெயரை நிறுத்தி வாசிக்கலாம். ஒரு பெயர் நான்கு வாரம் இருக்கட்டும், பிறகு திரும்பக் கேட்டுச் சேருங்கள். சுகமானவரைச் சத்தமில்லாமல் நீக்காதீர்கள், ஸ்தோத்திரத்தில் சேருங்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு அரை மணி நேரம் முன் பட்டியலைச் சபை ஊழியரிடம் காட்டி ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். வியாழக்கிழமை அடக்கம் பண்ணியவருக்கு ஞாயிற்றுக்கிழமை பூரண சுகம் கேட்கிற அலங்கோலம் பழைய பட்டியலை அப்படியே வாசிப்பதால்தான் நடக்கிறது. முதல் பெஞ்சில் வெள்ளைச் சேலையில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். வாட்ஸாப் ஜெபக்குழுவுக்கும் இதே ஒழுங்குதான். அங்கே போட்ட ஸ்கேன் ரிப்போர்ட் எந்த ஊர் வரைக்கும் போகும் என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவைக் கோயிலுக்கு வாருங்கள் என்று இப்போது வற்புறுத்தாதீர்கள். முதலில் மன்னிப்பு வீட்டுக்குப் போகட்டும். நடந்ததை ஆயரிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். சொல்லுங்கள். ஜெபித்தவரைக் கூட்டிக்கொண்டு ஆயர் வரட்டும், நற்கருணையும் கொண்டு வரட்டும். வர முடியாதவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதை மேலே சொன்னேன், அது இரண்டாம் நூற்றாண்டு வழக்கம். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அம்மாவிடமே கேட்கட்டும். சுகத்துக்காக என்று சொல்லலாம், உங்கள் கல்யாணத்துக்காக என்றும் சொல்லலாம். அவர்கள் சொன்னதை மட்டும் ஜெபித்து முடிக்கட்டும்.

செல்போனில் பார்த்து ஜெபிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டு, திரை அணையாதபடி வைத்துக்கொள்ளுங்கள். தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அடுத்த முறைக்கு எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன், சனிக்கிழமைக்கு முன்னால் வந்துவிட்டால்.

அன்புடன்.